அக்கரையா, இக்கரையா?



பேராவிலோ, கெடாவிலோ, ஜொகூரிலோ வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவருக்குப் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை உறுதியாகிவிட்டது. நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. அதில் சம்பளம் எழுதியிருக்கிறது. வேலை நேரம் எழுதியிருக்கிறது. வேலையில் சேரவேண்டிய தேதியும் எழுதியிருக்கிறது. எங்கே குடியிருப்பது என்பது மட்டும் அதில் இல்லை. அதைக் குடும்பமே முடிவு செய்யவேண்டும். அதுவும் சில வாரங்களுக்குள் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம்மில் பலருக்கு இது ஒரு தலைமுறைக்குள் வந்த புதிய கேள்வி. தோட்டப்புறத்தில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் வீடு தேடி அலைந்ததில்லை. பால்மரக் காட்டில் வேலை கிடைத்தால் லயத்தில் வீடும் கிடைத்தது. ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மருந்தகம், கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. வசதி குறைவுதான், வறுமையும் இருந்தது. ஆயினும் வேலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும், வீடமைப்புத் திட்டங்களுக்கும், தொழிற்பேட்டைகளுக்கும் நிலம் கைமாறியது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. அன்றிலிருந்து வேலையை ஓரிடத்திலும், வீட்டை வேறோரிடத்திலும், பள்ளியை இன்னோரிடத்திலும் நாமே தேடி இணைக்கவேண்டியவர்களானோம். தேடத் தெரிந்தவர்கள் நிலைபெற்றார்கள். தெரியாமல் அகப்பட்ட இடத்தில் குடியேறியவர்கள் பலர், சம்பளம் போதுமானதாக இருந்தும், களைப்பிலும் கடனிலும் சிக்கினார்கள். ஆகவே இந்தத் தேடலை ஒரு கல்வியாகவே கருதிக் கற்றுக்கொள்வது நல்லது.

முதலில் பாயான் லெப்பாஸ் எப்படி வேலை தேடுவோரின் ஊராயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். வரியில்லாத் துறைமுகமாக இருந்து வாணிபத்தால் வளர்ந்த ஜார்ஜ் டவுன், 1960-களின் இறுதியில் அந்தச் சலுகையை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. 1969-ஆம் ஆண்டில் முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சோங் இயூவின் அரசாங்கம் அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. 1972-ஆம் ஆண்டில், விமான நிலையத்துக்கு அருகே நெல்வயல்களும் கம்பங்களுமாக இருந்த பகுதியில், மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட்-பக்கார்ட், ஹித்தாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வந்தன. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் அவர்களை ஏற்றிவரத் தொழிற்சாலைப் பேருந்துகள் விடிவதற்கு முன்னரே புறப்பட்டன. தொழிலாளர்கள் அருகிலேயே வாழ வேண்டும் என்ற எண்ணத்தில் பாயான் பாரு என்ற புதிய நகரத்தையும் மேம்பாட்டுக் கழகம் பக்கத்திலேயே எழுப்பியது. ஆனால் வேலை வளர்ந்த வேகத்தில் தீவின் நிலம் வளரவில்லை.

இனி நில அமைப்பைக் கவனிப்போம். நம் நாட்டின் மாநிலங்களுள் பினாங்கு மிகச் சிறியவற்றுள் ஒன்று. அதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1,050 சதுரக் கிலோமீட்டர். பேராவோ ஏறக்குறைய 21,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. பேரா போன்ற பெரிய மாநிலத்துக்குள் குடிபெயர்வோர் எந்த நகரம் என்று முடிவு செய்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பினாங்கிலோ மாநிலம் சிறியதாயிருந்தும் கவலை பெரியது. ஏனெனில் நடுவே கடல் கிடக்கிறது. தீவு ஏறக்குறைய 295 சதுரக் கிலோமீட்டர். எஞ்சிய பெரும்பகுதி பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறை. 1786-இல் தீவும், 1800-இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 'செபராங்' என்ற மலாய்ச் சொல்லுக்கே 'அக்கரை' என்றுதான் பொருள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் சொல்லும் பழமொழி பினாங்குக்கென்றே பிறந்ததுபோலத் தோன்றும். தீவில் இருப்பவர் அக்கரையின் குறைந்த வாடகையைப் பார்த்து ஏங்குகிறார். அக்கரையில் இருப்பவர் பாலத்து நெரிசலில் நின்றபடி தீவில் இருப்பவரைப் பார்த்து ஏங்குகிறார். பச்சை உண்மையில் எந்தக் கரையில் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் காணவேண்டும்.

கடலைக் கடக்கும் வழிகள் மூன்று. முதலாவது, 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம். மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். பிறையிலிருந்து வந்து தீவில் குளுகோர் அருகே இறங்குகிறது. இரண்டாவது, 2014-இல் திறக்கப்பட்ட சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்சாம் ஷா பாலம். நீளம் 24 கிலோமீட்டர். பத்து காவானிலிருந்து வந்து பத்து மாவுங்கில் இறங்குகிறது. தொழிற்பேட்டை இந்த இரண்டு பாலங்களும் தீவைத் தொடும் இடங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது என்பதை நேயர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். தொழிற்சாலை வடகோடியில் இருந்தால் முதல் பாலம் வசதி. தென்கோடியில் இருந்தால் இரண்டாவது பாலம் வசதி. மூன்றாவது வழி பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குச் செல்லும் பெர்ரி. 2021 முதல் அதில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. 2023-இல் வந்த புதிய பெர்ரிகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையுமே ஏற்றுகின்றன. அதில் இறங்குமிடம் ஜார்ஜ் டவுன். அங்கிருந்து பாயான் லெப்பாசுக்குத் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இன்னொரு பயணம் இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். வீடு தேடும்போது நாம் மூன்று கணக்குப் போடவேண்டும். முதலாவது பணக்கணக்கு, இரண்டாவது நேரக்கணக்கு, மூன்றாவது ஆள்கணக்கு. பலர் முதலாவதை மட்டும், அதிலும் பாதியை மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். வாடகையை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. புரிந்துகொள்வதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. தீவில், தொழிற்சாலைக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டின் வாடகை 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அக்கரையில் அதைவிட விசாலமான தரை வீடு ஒன்று 800 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. வித்தியாசம் 400 ரிங்கிட். இனி, அக்கரையில் குடியிருப்பவர் மாதம் 24 நாள் காரில் வேலைக்கு வருகிறார். பினாங்குப் பாலத்தில் டோல் கட்டணம் தீவுக்கு வரும் திசையில் மட்டும் வாங்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டின் குறைப்புக்குப் பிறகு காருக்கு 5 ரிங்கிட் 74 சென். 24 நாளுக்கு 137 ரிங்கிட் 76 சென். 138 என்று கொள்வோம். தீவில் இருப்பவரைவிட இவர் போக 30, வர 30 என்று நாளுக்கு 60 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுகிறார். மாதம் 1,440 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் 115 லிட்டர் பெட்ரோல். லிட்டர் ஏறக்குறைய 2 ரிங்கிட் என்றால் 230 ரிங்கிட். டோலும் பெட்ரோலும் சேர்ந்து 368 ரிங்கிட். 400-இல் 368 போனால் மிச்சம் 32 ரிங்கிட். டயர் தேய்மானமும், எண்ணெய் மாற்றுவதும், பழுதுபார்ப்பதும் இன்னும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அடுத்தது நேரக்கணக்கு. அதே மனிதர் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாலையில் செலவிடுகிறார். மாதத்தில் 48 மணி. எட்டு மணி நேர வேலை நாட்களாகக் கணக்கிட்டால் முழுதாக ஆறு நாட்கள். 32 ரிங்கிட்டுக்காக மாதத்தில் ஆறு வேலை நாட்களை அவர் பாலத்தில் கொடுத்துவிடுகிறார். மணிக்கு 70 சென் கூட இல்லை. அந்தக் கூலிக்கு வேலை செய்ய நம்மில் யாராவது சம்மதிப்போமா?

மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கணக்கு வேறு. 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. பெட்ரோலும் மாதம் 70 அல்லது 80 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். அவருக்கு உண்மையாகவே 300 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சமாகும். ஆனால் கடல் நடுவே காற்றும் மழையும் வரும்போது ஒதுங்க அதிக இடமில்லை. இரவு ஷிப்டு முடிந்து, தூக்கம் கண்ணை அழுத்தும் காலை வேளையில், லாரிகளுக்கு நடுவே வீடு திரும்பவேண்டும். மிச்சமாகும் பணத்தின் விலை என்ன என்பதை அந்த வீட்டில் காத்திருப்பவர்கள் அறிவார்கள். தொழிற்சாலைப் பேருந்து கிடைக்குமானால் மூன்றாவது கணக்கு ஒன்று பிறக்கும். பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு. நேரம் மட்டும் கூடுதலாகும். ஆகவே வீடு பார்க்கப் புறப்படுமுன் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் ஒரு கேள்வி கேட்டுவிடவேண்டும்: எந்தெந்தப் பகுதிகளுக்கு உங்கள் பேருந்து போகிறது, எந்த ஷிப்டுக்குப் போகிறது?

நேரக்கணக்கை ஷிப்டு வேலைக்காரர் இன்னும் கவனமாகப் போடவேண்டும். பல தொழிற்சாலைகளில் ஒரு ஷிப்டு 12 மணி நேரம். நாளின் 24 மணியில் 12 வேலைக்குப் போயிற்று. தூக்கத்துக்கு 8. மீதி 4 மணி. பயணம் இருவழியும் சேர்ந்து ஒரு மணியானால் குளிக்க, உண்ண, பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மூன்று மணி மிஞ்சும். பயணம் மூன்று மணியானால் ஒரு மணிதான் மிஞ்சும். அப்போது மனிதர் தம் தூக்கத்திலிருந்துதான் கடன் வாங்குவார். அந்தக் கடனை உடம்பு ஒரு நாள் வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

இதை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் அலோன்சோ என்பவர் 1964-இல் வெளியிட்ட நூலில், வேலை செறிந்த நடுவிடத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறைந்து பயணச் செலவு கூடுவதையும், ஒவ்வொரு குடும்பமும் இவ்விரண்டையும் தராசில் வைத்தே இடம் தேடுவதையும் விளக்கினார். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய அறிஞர், மனிதர்கள் எக்காலத்திலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று 1994-இல் எழுதினார். நடந்து சென்ற காலத்தில் ஊர் சிறியதாக இருந்தது. வாகனம் வந்தபின் ஊர் பெரிதாயிற்று. ஒரு மணி நேரம் மட்டும் மாறவில்லை என்பது அவர் கருத்து. இதை நாம் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். போக அரை மணி, வர அரை மணி என்பது உடம்பு தாங்கும் பயணம். அதைத் தாண்டுகிற ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் குடும்பத்துக்கு வேறு ஏதேனும் நன்மை கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த நன்மையைக் காட்டுவதுதான் மூன்றாவது கணக்கு, ஆள்கணக்கு. வீட்டில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் காலையில் எங்கே போகிறார்கள்? மாலையில் எப்போது திரும்புகிறார்கள்? பகலில் வீட்டில் தங்குகிறவர் யார்? ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவரவர் ஒரு நாளைக் கோடாக வரைந்து பாருங்கள். தொழிற்சாலைக்குப் போகிற ஒருவருக்காக மற்ற நால்வரின் நாளைக் குலைக்கிறோமா என்பது அப்போது தெரியும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, நால்வரின் வசதிக்காக ஒருவரின் உடல்நலம் தேய்வதும் தெரியவரும்.

தனியாக வேலைக்கு வரும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் தொழிற்சாலைக்கு அருகே அறை எடுப்பதே நல்லது. சுங்கை நிபோங், பாயான் பாரு, ரெலாவ், சுங்கை ஆரா ஆகிய இடங்களில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. வாடகை பங்காகிறது, பயணம் குறைகிறது. பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் வீட்டின் அழகைப் பார்ப்பதைவிட, இரவு ஷிப்டு முடிந்து பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுவாசல் வரை விளக்கு இருக்கிறதா என்று ஒருமுறை இரவில் நடந்து பார்ப்பது நல்லது.

கணவன் மனைவி இருவரும் ஷிப்டு வேலை செய்து, சின்னப் பிள்ளையும் இருந்தால், கேள்வி பிள்ளையைச் சுற்றியே எழும். தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. நகரத்தில் அந்த இடத்தை ஒரு பாட்டியோ, அத்தையோ, பணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் அண்டைவீட்டு அம்மாவோதான் நிரப்பவேண்டும். அப்படிப்பட்ட உறவு அக்கரையில், நிபோங் திபாலிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ இருக்குமானால், பாலத்துப் பயணத்தைப் பொறுத்துக்கொள்வதில் நியாயமுண்டு. உறவே இல்லாத இடத்துக்கு வாடகை குறைவு என்று மட்டும் போவதில் நியாயமில்லை.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் தமிழ்ப்பள்ளி எங்கே என்று முதலிலேயே பார்க்கவேண்டும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, பெரும்பாலானவை பெருநிலத்தில்தான். தோட்டங்கள் அங்கே மிகுதியாக இருந்ததே அதற்குக் காரணம். தீவில் தொழிற்பேட்டைக்கு அருகே சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. குளுகோரில் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளியைக் குறித்துக்கொண்டு அதைச் சுற்றி வீடு தேடுங்கள். வீட்டை எடுத்துவிட்டுப் பிறகு பள்ளியைத் தேடினால், பள்ளி வேனுக்குக் கொடுக்கும் பணமும், பிள்ளை இருட்டில் எழுந்து வேனுக்காக நிற்கும் நேரமும் நாம் எதிர்பாராத செலவுகளாகிவிடும்.

முதியோரை மறந்துவிடலாகாது. தோட்டத்து வாசலில் உட்கார்ந்து போவோர் வருவோருடன் பேசிப் பழகிய தாயைப் பதினான்காம் மாடிக்குக் கொண்டுபோய் வைக்கிறோம். மின்தூக்கி பழுதானால் அவர் சிறைப்பட்டவர்போல் ஆகிவிடுகிறார். கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதன் உட்பொருள் வழிபாடு மட்டுமன்று. நாலு பேரைப் பார்க்கவும், நல்லது கெட்டதில் துணை கேட்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதும்தான். தாய்க்காகக் கீழ்மாடி வீடும், நடக்கும் தூரத்தில் ஒரு கோயிலும், ஒரு மருந்தகமும் கிடைக்குமானால் அதற்காக நூறு ரிங்கிட் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

இனி ஊர்களை ஒரு கண்ணோட்டமாகப் பார்ப்போம். பாயான் பாரு, சுங்கை ஆரா, சுங்கை நிபோங் ஆகியவை மிக அருகில், வாடகை அதற்கேற்ப. குளுகோர், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் சற்றுத் தள்ளி. தமிழ்க் குடும்பங்கள் நெடுநாளாக வாழும் இடங்களும் அங்கே உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளில் ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் எளியவர்கள் நகர நடுவிலேயே வாழ முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு முடிவுற்றதும் பலர் வெளியேற நேர்ந்தது. 2008-இல் அந்நகரம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. குயின் வீதியில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றிய தமிழ்க் கடைகளும் இன்றும் நம்மை ஈர்க்கின்றன. ஆனால் அங்கே குடியிருப்பது முன்போல் எளிதன்று. தீவின் தெற்கிலும் மேற்கிலும் தெலுக் கும்பார், பாலேக் பூலாவ் ஆகியவை அமைதியானவை. பாலேக் பூலாவிலிருந்து வரும் பாதை மலையைச் சுற்றி வருவது. அக்கரையில் பிறை, செபராங் ஜெயா, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் ஆகியவற்றுக்கு முதல் பாலம். பத்து காவான், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் ஆகியவற்றுக்கு இரண்டாவது பாலம். பேராவின் பாரிட் புந்தாரிலிருந்தும், கெடாவின் கூலிமிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும்கூட நாள்தோறும் வருகிறவர்கள் உண்டு.

இடத்தைத் தேர்ந்தபின் வீட்டைச் சோதிக்கவேண்டும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை பார்ப்பது சிறந்தது. 2017 நவம்பரில் தீவிலும் பெருநிலத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பினாங்கு மறக்கவில்லை. சுவரின் அடிப்பகுதியில் நீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தின்போது இங்கே எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அண்டைவீட்டாரைக் கேளுங்கள். குடிநீரையும் கவனியுங்கள். பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி அக்கரையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. தீவுக்குக் கடலடிக் குழாய் வழியாக வருகிறது. 2024 ஜனவரியில் பழுதுபார்ப்புக்காகச் சில நாட்கள் நீர் தடைப்பட்டபோது, மாடி வீட்டில் தொட்டி வைத்திருந்தவர்களின் முன்யோசனை பயன்பட்டது. விமான நிலையத்துக்கு அருகே வீடு பார்க்கிறவர், பகலில் உறங்கவேண்டிய இரவு ஷிப்டுக்காரரானால், விமான ஓசையையும் ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும்.

வாடகை ஒப்பந்தத்தை வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். பொதுவாக இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று தொடக்கத்திலேயே மூன்றரை மாதப் பணம் தேவைப்படும். 1,200 ரிங்கிட் வாடகை என்றால் 4,200 ரிங்கிட். இதைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படாதவர்கள்தாம் கடன்காரரிடம் போய் நிற்கிறார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, முத்திரைத் தீர்வை செலுத்தி வைத்துக்கொண்டால்தான் வழக்கு வந்தால் அது சான்றாக நிற்கும். வீட்டில் நுழையும் நாளில் இருக்கும் கறை, விரிசல், உடைசல் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்க அது உதவும். நம்மவர் என்று அறிந்ததும் வீடு இல்லை என்று சொல்லிவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு. அது வருத்தத்துக்குரியது, மறைக்க ஒன்றுமில்லை. அத்தகைய இடத்தில் கெஞ்சி நிற்பதைவிட, தொழிற்சாலையில் முன்பே வேலை செய்பவர்களின் அறிமுகத்தோடும், நியமனக் கடிதத்தோடும் வேறு வீட்டுக்காரரை அணுகுவது பலன் தரும்.

கடைசியாக, வீடு வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க வழி இருப்பதால், வந்த ஆண்டிலேயே வாங்கிவிடும் ஆசை பலருக்கு எழுகிறது. குறைந்தது ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே நம் ஆலோசனை. வேலையும் இடம் மாறும். ஹியூலெட்-பக்கார்டாகத் தொடங்கிய தொழிற்சாலை 1999-இல் அஜிலெண்ட் ஆயிற்று. 2014-இல் கீசைட் ஆயிற்று. பெயர் மாறுவதுபோல வாசலும் மாறலாம். கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் வந்தது. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த தோட்டமாயிருந்த பத்து காவானில் இன்று பெரிய தொழிற்பேட்டை நிற்கிறது. தீவில் வேலைக்குச் சேர்ந்தவரை நாளை அக்கரைக்கு மாற்றலாம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இலகு ரயில் திட்டத்துக்கான பணிகள் 2025-இல் தொடங்கியிருக்கின்றன. ரயில் வந்தபின் கணக்கு மாறலாம். ஆனால் வரப்போகும் ரயிலை நம்பி இன்று வீடு வாங்குகிறவர், அது ஓடும் நாள்வரை பாலத்தில்தான் போய்வரவேண்டும். இரு பாலங்களுக்கும் எட்டும்படியான இடமாகப் பார்த்து வாங்குகிறவருக்கு, வேலை எக்கரைக்குப் போனாலும் தத்தளிப்பு குறைவு.

நேயர்களே, பேச்சைச் சுருக்கிச் சொல்வோம். வாடகையை மட்டும் பார்க்காமல், வாடகையோடு பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள். தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்காமல் மணியால் அளந்து பாருங்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அளக்காமல், வேலை நாளில், ஷிப்டு மாறும் நேரத்தில், நீங்களே ஒருமுறை போய்வந்து அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் நாளையும் தாளில் எழுதுங்கள். முடிவைக் குடும்பத் தலைவர் ஒருவரே எடுக்காமல், மனைவியும் தாயும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து எடுங்கள். அந்த வீட்டில் மிகுதியான நேரம் வாழப்போகிறவர்கள் அவர்கள்தாம். கணக்கு முடிந்தபின் அக்கரை என்று வந்தாலும் சரி, இக்கரை என்று வந்தாலும் சரி, தெரிந்தே எடுத்த முடிவாக இருந்தால் அதன் சிரமங்களைத் தாங்கும் மனமும் கூடவே வரும்.

வேலைக்காகப் புதிய ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் அனைத்தும் அங்கே நிலைபெற்று வாழ நம் வாழ்த்துகள்.